சிறை மறுவாழ்வுக்கு ஆய்வைப் பயன்படுத்துவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1939-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரு நல்ல காரியம் ஆரம்பித்தார்கள். வழிதவறிப் போகக்கூடும் என்று கருதப்பட்டவர்களும் சாதாரணமானவர்களுமாகச் சிறுவர்கள் 506 பேரை எடுத்து, ஒருவரையொருவர் ஒத்த ஜோடிகளாகப் பிரித்தார்கள். காசைச் சுண்டிப் போட்டு, ஜோடியில் ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு எதுவும் இல்லை என்று முடிவு செய்தார்கள். உதவி என்றால் பெயருக்குச் செய்தது இல்லை. ஆலோசகர் மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருவார், பாடம் சொல்லித்தர ஆள் உண்டு, மருத்துவம் உண்டு, கோடை முகாம் உண்டு. சராசரியாக ஐந்து வருடம் இது நடந்தது. முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 'அது எனக்குப் பயன்பட்டது' என்றே சொன்னார்கள். பதிவேடுகள் வேறு மாதிரி சொல்லின. திரும்பவும் குற்றம் செய்தது, குடிப்பழக்கம், கடுமையான மனநோய், சீக்கிரமே இறந்தது என்று பார்த்தால், உதவி பெற்ற பக்கம்தான் மோசமாக இருந்தது.

நல்ல மனசு இருந்தது, பணம் இருந்தது, பயனாளிகளே பாராட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்த மற்றப் பாதி மட்டும் இல்லாமல் போயிருந்தால், இன்றைக்கும் அதை வெற்றிக் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சிறைக்குள் வகுப்பு எடுப்பவர்கள், விடுதலையானவர்களுக்குத் துணை நிற்கும் அமைப்புகள், நன்னடத்தை அலுவலர்கள், சமூகப்பணி மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய பட்டமோ பெரிய நிதியோ வேண்டாம். நமக்குப் பிடிக்காத கணக்கையும் மறைக்காமல் எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும். அது சுலபம் என்று சொல்லமாட்டேன்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

'எங்கள் திட்டம் வேலை செய்கிறதா?' என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. யாருக்கு, எதில், எதோடு ஒப்பிட்டால், எத்தனை மாதத்துக்குள் என்ற நாலும் சேர்ந்தால்தான் அது கேள்வி. 'ஒரு வருடத்துக்குக் குறைவான தண்டனை முடித்து வெளியே வரும் ஆண்களில், எங்கள் தச்சு வகுப்பில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட, வெளியே வந்த 12 மாதத்துக்குள் மறுபடி தண்டனை பெறுவது குறைகிறதா?' இப்படிக் கேட்டால் பதில் தேடலாம்.

'மறுபடி குற்றம்' என்பதை எதை வைத்து அளக்கப் போகிறீர்கள் என்பதையும் முதலிலேயே எழுதி வையுங்கள். கைதா, தீர்ப்பா, சிறைக்குத் திரும்புவதா? மூன்றும் மூன்று எண்ணைத் தரும். அமெரிக்காவில் 30 மாநிலங்களில் 2005-இல் விடுதலையானவர்களைத் தொடர்ந்து பார்த்த அரசுப் புள்ளிவிவரத்தில் மூன்று வருடத்துக்குள் 68 சதவீதம் பேர் ஏதோ ஒரு முறை கைதாகியிருந்தார்கள். ஒன்பது வருடத்துக்கு நீட்டினால் 83 சதவீதம். நார்வேயைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எடுத்துப் போடும் 20 சதவீதம் என்ற எண்ணோ, இரண்டு வருடத்துக்குள் புதிய தண்டனை பெற்றவர்களை எண்ணுவது. கைதை எண்ணிய கணக்கையும் தண்டனையை எண்ணிய கணக்கையும் அருகருகே வைத்து 'பாருங்கள் வித்தியாசத்தை' என்று மேடையில் பேசுபவர்களை நம்பாதீர்கள். நார்வே சிறைகளில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இந்த ஒப்பீட்டில் இல்லை.

இன்னொரு சிக்கல்: பரோல் (நிபந்தனையோடு முன்கூட்டிய விடுதலை) அல்லது நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர் அதிகாரியைச் சந்திக்க வேண்டிய நாளைத் தவறவிட்டாலே சில இடங்களில் திரும்ப உள்ளே போய்விடுவார். அவர் புதிதாக எந்தக் குற்றமும் செய்யவில்லை. இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால், குற்றம் குறைந்ததா, கண்காணிப்பு கூடியதா என்று கடைசியில் உங்களுக்கே தெரியாது. தனித்தனிக் கட்டமாக வைத்துவிடுங்கள்.

படி 2: ஏற்கனவே தெரிந்ததைப் படியுங்கள்

1974-இல் ராபர்ட் மார்ட்டின்சன் என்ற சமூகவியலாளர், 1945 முதல் 1967 வரை வெளிவந்த 231 ஆய்வுகளை வைத்து, சிறைத் திருத்தத் திட்டங்களால் மீள்குற்றம் குறைந்ததற்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்று எழுதினார். 'எதுவும் பலிக்காது' என்று அது ஊரெங்கும் பரவியது. சிறைகளில் கல்வி, பயிற்சி செலவை வெட்ட விரும்பியவர்களுக்கு வசதியாகப் போயிற்று. 1979-இல் அவரே தம் முடிவைத் திருத்தி, சில திட்டங்கள் பலன் தருகின்றன என்று எழுதினார். அந்தத் திருத்தம் முதல் கட்டுரை போன தூரத்தில் கால்வாசிகூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளிலிருந்து ஓரளவு உறுதியாகத் தேறி நிற்பவை சில உண்டு. 1990-இல் கனடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூஸ், போண்டா, ஹோஜ் மூவரும் வகுத்த மூன்று விதிகள் இன்றும் பல நாட்டுச் சிறைத் துறைகளின் அடிப்படை: மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு அதிகம் உள்ளவருக்கு அதிக உதவி, குற்றத்தோடு நேரடித் தொடர்புள்ள தேவைகளில் கைவைப்பது, அவர் கற்றுக்கொள்ளும் விதத்துக்கு ஏற்றபடி நடத்துவது. முதல் விதி பலருக்குக் கசக்கும். நன்றாகப் பேசுகிற, ஒழுங்காக வகுப்புக்கு வருகிற, எப்படியும் திரும்பி வரமாட்டார் என்று தோன்றுகிறவரைச் சேர்த்துக்கொள்ளத்தான் நமக்கு ஆசை. அவருக்கு அந்த இடம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அதைவிட, குறைந்த ஆபத்துள்ளவர்களைத் தீவிரத் திட்டங்களில் போட்டால் நிலைமை மோசமாகலாம் என்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கவைக்கும் இடைநிலை விடுதிகளை ஆராய்ந்தபோது தெரிந்தது. வேலை கெடுகிறது, குடும்பத் தொடர்பு அறுகிறது, புதிய சகவாசம் சேர்கிறது.

சிறைக்கல்விக்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்று வருடத்துக்குள் சிறைக்குத் திரும்பியவர்கள் கல்வித் திட்டத்தில் இருந்தவர்களில் சுமார் 30 சதவீதம், இல்லாதவர்களில் சுமார் 43 சதவீதம் என்று மதிப்பிட்டது. கல்விக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும், மறுபடி அடைத்து வைக்கும் செலவில் நாலைந்து டாலர் மிச்சம் என்றது. இதே ஆய்வை '43 சதவீதம் குறைத்தது' என்றும் எழுதுவார்கள். அது வாய்ப்பு விகிதக் கணக்கு, அதாவது திரும்பியவர்களுக்கும் திரும்பாதவர்களுக்கும் உள்ள விகிதத்தை இரண்டு பக்கமும் ஒப்பிடுவது. உங்கள் அறிக்கையில் 13 சதவீதப் புள்ளி வித்தியாசம் என்று எழுதுங்கள், படிப்பவருக்குப் புரியும்.

பலிக்காதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துப் போய், ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டித் திருத்தும் திட்டம் 1970களில் நியூ ஜெர்சியில் பிரபலமாகி உலகம் முழுக்கப் பரவியது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகளைத் தொகுத்தபோது, பார்க்கப் போன சிறுவர்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்தார்கள் என்று தெரிந்தது. இங்கிலாந்தில் பாலியல் குற்றவாளிகளுக்கான முக்கியச் சிகிச்சைத் திட்டம் பல வருடம் நடந்த பிறகு, 2017-இல் வந்த அரசு மதிப்பீட்டில் சிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதம் பேரும், அவர்களை ஒத்த, சிகிச்சை பெறாதவர்களில் 8 சதவீதம் பேரும் மறுபடி பாலியல் குற்றம் செய்ததாகத் தெரிந்தது. திட்டத்தை நிறுத்தினார்கள். நிறுத்திய தைரியத்தைப் பாராட்ட வேண்டும்.

ஓர் ஆய்வைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது இரண்டு: ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா, பாதியில் விட்டுப் போனவர்களை என்ன செய்தார்கள்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் மீதிப் பக்கங்களைப் புரட்ட அவசரமில்லை.

படி 3: தேவை எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்

வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 முதல் 2003 வரை விடுதலையான 30,237 பேரைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் ஆபத்து, அதே வயது, பால், இனத்தைச் சேர்ந்த பொதுமக்களைவிட 12.7 மடங்கு. போதைமருந்து அளவு மீறி இறக்கும் ஆபத்து மட்டும் 129 மடங்கு. உள்ளே இருந்த காலத்தில் உடம்பு பழக்கத்தை மறந்துவிடுகிறது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் உயிர் போகிறது. பன்னிரண்டு வாரத் திட்டம் வகுத்து, 'விடுதலைக்குப் பிறகு ஒரு மாதத்தில் முதல் சந்திப்பு' என்று வைத்திருக்கும் அமைப்புகள் இந்த எண்ணை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்து 2011-இல் போதை முறிப்பு மருந்தான நாலாக்சோனை விடுதலையாகிறவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்பும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே அபின் வகைப் போதையால் நேர்ந்த சாவுகளில், சிறையிலிருந்து வந்த நாலு வாரத்துக்குள் நேர்ந்தவை 9.8 சதவீதத்திலிருந்து 6.3 சதவீதமாக இறங்கின.

எனவே முதலில் செய்ய வேண்டிய ஆய்வு ரொம்ப எளிது. முதல் 72 மணி நேரத்தை மணிக்கணக்கில் வரைந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு பை, கொஞ்சம் பணம். அடையாள அட்டை காலாவதியாகிவிட்டது. வீட்டு உதவி அலுவலகம் நாலு மணிக்கு மூடும், அவர் பேருந்து பிடித்துப் போய்ச் சேர நாலரை ஆகும். உள்ளே தினமும் கொடுத்த மாத்திரை இரண்டு நாளைக்குத்தான் இருக்கிறது; மருந்துச் சீட்டு எழுதித்தர மருத்துவர் திங்கள்கிழமைதான் கிடைப்பார். செல்போன் இல்லை, அதனால் 'நாங்கள் கூப்பிடுகிறோம்' என்று யார் சொன்னாலும் அர்த்தமில்லை. அன்றிரவு அவரைக் கூப்பிட்டு இடம் கொடுக்கக்கூடிய ஒரே ஆள், அவர் யாரோடு சேர்ந்து உள்ளே போனாரோ அந்தப் பழைய நண்பர்.

இது கற்பனை ஆள்தான், ஆனால் சிக்கல் கற்பனை இல்லை. இங்கிலாந்தில் இதற்காகவே 2023-இல் சட்டம் இயற்றி, வெள்ளிக்கிழமையிலோ விடுமுறைக்கு முந்தின நாளிலோ விடுதலையாக வேண்டியவரை இரண்டு வேலைநாள் வரை முன்னதாகவே அனுப்ப வழி செய்தார்கள். பெரிய பாடத்திட்டம் எதுவும் இல்லை. தேதியை நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

இந்த வரைபடத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்தால் பாதி தப்பாக இருக்கும். ஏற்கனவே வெளியே வந்தவர்களைக் கூட வைத்துக்கொண்டு வரையுங்கள். அவர்களுக்கு அந்த நேரத்துக்கான சம்பளம் கொடுங்கள்; டீயும் நன்றியும் மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது. உள்ளே இருப்பவர்களிடம் கேட்கும்போது கேள்வியின் வடிவம் முக்கியம். 'தங்க இடம் இருக்கிறதா?' என்றால் எல்லோரும் 'இருக்கு' என்பார்கள், இல்லை என்றால் விடுதலை தள்ளிப்போகுமோ என்ற பயம். 'முதல் நாள் ராத்திரி எங்கே படுப்பீர்கள்? அந்த வீட்டில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள்? எத்தனை நாள் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறாக வரும்.

படி 4: எப்படிப் பலிக்கும் என்று எழுதிப் பாருங்கள்

'தச்சு வகுப்பு நடத்தினால் குற்றம் குறையும்' என்பதில் நடுவே சங்கிலி போல நிறையக் கண்ணிகள் இருக்கின்றன. கைத்தொழில் கற்பார், சான்றிதழ் வரும், வேலைக்கு மனு போடுவார், முதலாளி கூப்பிடுவார், வேலை நிலைக்கும், கையில் காசு புரளும், பழைய வழிக்குப் போகமாட்டார். ஒவ்வொரு கண்ணியையும் தாளில் எழுதி, பக்கத்தில் 'இதற்கு என்ன ஆதாரம்?' என்று கேளுங்கள். எங்கே அறும் என்று அப்போது தெரியும்.

இந்தச் சங்கிலி பெரும்பாலும் 'முதலாளி கூப்பிடுவார்' என்ற இடத்தில்தான் அறுகிறது. தேவா பேஜர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ஒரே தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பிப் பார்த்தார். 2003-இல் முடிவு வெளிவந்தது. சிறைப் பதிவு இல்லாத வெள்ளையரை 34 சதவீதம் முதலாளிகள் திரும்பக் கூப்பிட்டார்கள், பதிவு உள்ள வெள்ளையரை 17 சதவீதம். கறுப்பினத்தவருக்கு இது 14, 5 சதவீதம். பதிவே இல்லாத கறுப்பினத்தவரைவிடச் சிறைப் பதிவுள்ள வெள்ளையருக்கு அழைப்பு அதிகம்.

சரி, விண்ணப்பத்தில் குற்றப் பதிவைக் கேட்கும் கட்டத்தை எடுத்துவிட்டால்? பல இடங்களில் எடுத்தார்கள். நியூயார்க் நகரிலும் நியூ ஜெர்சியிலும் சுமார் 15,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தபோது, கட்டத்தை எடுத்த முதலாளிகளிடம் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே அழைப்பில் இருந்த 7 சதவீத இடைவெளி 43 சதவீதமாகப் பெருகியிருந்தது. கேட்க முடியாததை முதலாளிகள் பெயரைப் பார்த்து ஊகித்துக்கொண்டார்கள். ஒரு கண்ணியை இழுத்தால் இன்னொன்று எங்கே நகரும் என்று முன்கூட்டியே யோசிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எதிர்பாராத நல்ல திருப்பமும் உண்டு. விடுதலையானவர்களுக்கு உடனடித் தற்காலிக வேலை தரும் நியூயார்க் திட்டம் ஒன்றைக் குலுக்கல் முறையில் ஆராய்ந்தார்கள். வேலைவாய்ப்பில் கிடைத்த முன்னேற்றம் ஒரு வருடத்தில் கரைந்துபோனது. ஆனால் மீள்குற்றம் குறைந்தது, அதுவும் சிறையிலிருந்து வந்த கொஞ்ச நாளிலேயே சேர்ந்தவர்களிடம் அதிகமாக. பலன் அவர்கள் எதிர்பார்த்த சங்கிலி வழியாக வரவில்லை. காலையில் எழுந்து போக ஓர் இடம் இருந்ததே போதுமாக இருந்ததோ என்னவோ.

குடும்பச் சந்திப்பும் இப்படித்தான், நெருங்கிப் பார்த்தால் நுணுக்கம் தெரியும். மினசோட்டாவில் 16,420 பேரை ஆராய்ந்ததில், யாராவது வந்து பார்த்திருந்தால் மறுபடி தண்டனை பெறும் ஆபத்து 13 சதவீதம் குறைந்தது. உடன்பிறந்தவர்கள், அப்பா, மாமனார் மாமியார், மதகுருமார் வந்து பார்த்தவர்களுக்குப் பலன் அதிகம். பிரிந்துபோன மனைவியோ கணவனோ வந்தால் ஆபத்து கூடியது. 'சந்திப்பு நேரத்தை அதிகரிப்போம்' என்று மட்டும் எழுதாமல், யாரும் வராதவர்கள் எத்தனை பேர், அவர்கள் வீட்டார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள், பயணச் செலவு என்ன என்று கணக்கெடுங்கள்.

படி 5: உள்ளே ஆய்வு செய்யும்போது

பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகள் உடம்பில் மருந்து, அழகுப்பொருள், இன்னும் என்னென்னவோ தடவியும் செலுத்தியும் சோதித்தார்கள். கையெழுத்து வாங்கித்தான் செய்தார்கள். ஒரு டாலருக்கு வழியில்லாதவரிடம் சில டாலரை நீட்டினால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறிமுறை வகுத்து 1979-இல் அமெரிக்காவில் வந்த பெல்மாண்ட் அறிக்கை கைதிகளை இதனால்தான் தனியாகக் குறிப்பிட்டது.

நம் ஆய்வில் ஊசி இருக்காது, அழுத்தம் இருக்கும். கலந்துகொண்டாலும் மறுத்தாலும் பரோலுக்கோ சலுகைக்கோ எந்தத் தொடர்பும் இல்லை என்பதைச் சொன்னால் போதாது, அப்படியே நடக்கும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாது என்று பத்துப் பேர் முன்னால் யாரும் சொல்லமாட்டார்கள். வார்டன் காதில் விழாத இடத்தில் பேசுங்கள். அப்புறம், எதை உங்களால் ரகசியமாக வைத்திருக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: தன்னையோ இன்னொருவரையோ காயப்படுத்தப் போகிறேன் என்று சொன்னால் நீங்கள் தெரிவித்தாக வேண்டியிருக்கும். வெளியே வந்த பிறகு எந்த வழியில் தொடர்பு கொள்ளலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சிறையில் இருந்தது வீட்டு உரிமையாளருக்கோ முதலாளிக்கோ தெரியாமல் இருக்கலாம். உங்கள் அமைப்பின் பெயர் போட்ட ஒரு கடிதம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

படி 6: நேர்மையாக ஒப்பிடுங்கள்

இதில்தான் பெரும்பாலான அறிக்கைகள் சறுக்குகின்றன, எனவே ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு வகுப்பில் 200 பேர் சேர்கிறார்கள். 120 பேர் முடிக்கிறார்கள், 80 பேர் பாதியில் விடுகிறார்கள். முடித்தவர்களில் 30 பேர் மறுபடி சிறைக்கு வருகிறார்கள், அதாவது 25 சதவீதம். அதே மாதிரி ஆட்கள் 200 பேர், வகுப்பில் சேராதவர்கள். அவர்களில் 80 பேர் திரும்புகிறார்கள், 40 சதவீதம். '40 சதவீதத்தை 25 ஆகக் குறைத்தோம்!' என்று அறிக்கை வெளியாகும், படம் போட்ட அட்டையோடு.

பாதியில் விட்ட 80 பேர் எங்கே? அவர்களில் 48 பேர் திரும்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த 200 பேரில் மொத்தம் 78 பேர், 39 சதவீதம். வகுப்பில்லாமல் 40, வகுப்போடு 39. முடிக்கக்கூடியவர்களைத் திட்டம் வடிகட்டியிருக்கிறதே தவிர, யாரையும் மாற்றவில்லை. சேர்ந்த ஒவ்வொருவரையும், ஒரே நாள் வந்தவரையும் சேர்த்து எண்ணுவதுதான் முறை. வலிக்கும், ஆனால் அதுதான் கணக்கு.

'சேராதவர்கள்' யார் என்பது அடுத்த சிக்கல். விரும்பிச் சேர்ந்தவருக்கு மாறும் எண்ணம் ஏற்கனவே இருந்திருக்கும். வகுப்பில் 30 இடம், விண்ணப்பம் 60 என்றால் குலுக்கிப் போடுங்கள். மீதிப் பேர் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கட்டும். யாருக்கும் கிடைக்க வேண்டியதை நீங்கள் பறிக்கவில்லை, இடமே அவ்வளவுதான். அதிகாரிக்குப் பிடித்தவருக்கு இடம் கொடுப்பதைவிடக் குலுக்கல் நியாயமானது என்று கைதிகளே ஒத்துக்கொள்வார்கள்.

குலுக்க முடியாத இடத்தில், குலுக்கல் போலத் தானாகவே நடக்கும் ஒன்றைத் தேடலாம். நார்வேயில் வழக்குகள் எந்த நீதிபதிக்குப் போகும் என்பது ஏறக்குறையக் குலுக்கல் மாதிரி. சில நீதிபதிகள் சிறைக்கு அனுப்புவது அதிகம், சிலர் குறைவு. இதை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில், சிறைக்குப் போனவர்கள் ஐந்து வருடத்தில் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு கணிசமாகக் குறைந்ததாகவும், குறிப்பாக முன்பு வேலையில்லாமல் இருந்தவர்களிடம் அந்தப் பலன் தெரிந்ததாகவும் கண்டார்கள். அங்கே சிறை என்றால் வேலைப் பயிற்சியும் சேர்ந்தது என்பதை மறந்துவிட்டு இதை மேற்கோள் காட்டக் கூடாது. இங்கிலாந்தில் 2013 முதல் இன்னொரு வசதி: தொண்டு அமைப்பு தான் உதவியவர்களின் பட்டியலை நீதித் துறையின் தரவுக்கூடத்துக்கு அனுப்பினால், அரசுப் பதிவேடுகளிலிருந்து அவர்களை ஒத்த ஆட்களைப் பொறுக்கி ஒப்பிட்டு முடிவைத் தருகிறார்கள். உங்கள் நாட்டில் இல்லையென்றால், கேட்டு வாங்க வேண்டியவற்றில் முதலிடம் இதற்குத்தான்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 40 சதவீதம் 30 ஆக இறங்கியது நிஜமா, தற்செயலா என்று ஓரளவு நிச்சயமாகச் சொல்ல ஒவ்வொரு பக்கமும் சுமார் 350 பேர் வேண்டும். உங்களிடம் 25 பேர்தான் என்றால் மீள்குற்ற விகிதத்தைத் தலைப்பில் போடாதீர்கள். அடையாள அட்டை எத்தனை பேருக்குக் கிடைத்தது, முதல் மாதத்தில் எத்தனை இரவு வீடில்லாமல் கழிந்தது, மருந்து எத்தனை நாள் விட்டுப்போனது என்று எண்ணுங்கள். இல்லையென்றால் நாலைந்து அமைப்புகள் ஒரே படிவத்தை வைத்துக்கொண்டு கணக்கைச் சேருங்கள்.

ஒருவர் வாரம் மூன்று திருட்டிலிருந்து வருடத்துக்கு ஒன்று என்று இறங்கியிருக்கலாம். 'திரும்பினாரா, இல்லையா' என்ற கட்டத்தில் அவர் தோல்வி. எத்தனை முறை, எவ்வளவு கடுமையானது, எத்தனை மாதம் இடைவெளி என்பதையும் எழுதினால் அந்த மாற்றம் தெரியும்.

படி 7: ஊரைத் தயார் செய்யுங்கள்

1994-இல் கனடாவின் ஹாமில்டன் நகரத்தில், குழந்தைகள் மீது பாலியல் குற்றம் செய்து முழுத் தண்டனையும் முடித்த ஒருவர் வெளியே வந்தார். ஊரே கொதித்தது. ஒரு சிறிய மென்னோனைட் தேவாலயத்தைச் சேர்ந்த சிலர் அவரைச் சுற்றி ஒரு வட்டம் அமைத்தார்கள்: தினமும் யாராவது பார்ப்பது, கடைக்குக் கூடப் போவது, தப்பான பக்கம் சாய்ந்தால் முகத்துக்கு நேரே கேட்பது. அதிலிருந்து பிறந்த ஆதரவு வட்ட முறையில், பயிற்சி பெற்ற நாலைந்து தன்னார்வலர்கள் ஒருவரைச் சுற்றி நிற்பார்கள்; பின்னால் தொழில்முறை ஆட்கள் இருப்பார்கள். மினசோட்டாவில் 100 பேரைக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தபோது, வட்டத்தில் இருந்தவர்கள் புதிய பாலியல் குற்றத்துக்காகக் கைதாகும் ஆபத்து 88 சதவீதம் குறைவாக இருந்தது. ஆட்கள் குறைவு, எனவே அந்த எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம்; திசை தெளிவாகவே இருக்கிறது.

வட்டம் அமைக்கும்போது நான் பார்க்கச் சொல்வது: தன்னார்வலர் ஒரு வருடமாவது நிற்பாரா? ஆறு மாதத்தில் காணாமல் போகிறவரைவிட, வராதவரே மேல். சிறையிலிருந்து வருபவருக்கு விட்டுப் போனவர்களின் பட்டியல் ஏற்கனவே நீளமானது. முதல் சந்திப்பு விடுதலைக்கு முன்பே, உள்ளேயே நடக்க வேண்டும். யார் எதைக் காவல்துறைக்குச் சொல்லுவார் என்பது அன்றே, அவர் முன்னாலேயே பேசி முடிவாக வேண்டும். பாதிக்கப்பட்டவரும் அதே ஊரில் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. அவர் தரப்புக்காகப் பேசும் ஒருவரைத் திட்டமிடும் மேஜையிலேயே உட்கார வையுங்கள்.

படி 8: எழுதியபடி நடக்கிறதா?

நல்ல ஆதாரமுள்ள திட்டத்தைக் கொண்டுவந்து, பதினாறு அமர்வை ஒன்பதாகச் சுருக்கி, பத்துப் பேர் உட்கார வேண்டிய குழுவில் இருபத்தைந்து பேரை உட்கார வைத்து, கடைசியில் 'இது இங்கே பலிக்கவில்லை' என்பார்கள். பலிக்காதது அந்தத் திட்டம்தான் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு வரி போதும்: யார் நடத்தினார், எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம், எது விட்டுப்போனது, ஏன். கைதிகளை அறைக்குள்ளேயே பூட்டி வைத்த நாட்கள், ஆள் பற்றாக்குறையால் ரத்தான நாட்கள் எல்லாம் அதில் வந்துவிடும். நிர்வாகத்திடம் பேசும்போது இந்த நோட்டு பல புள்ளிவிவரங்களைவிட உதவும்.

இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் 2010-இல் தொடங்கிய திட்டம், குறுகிய தண்டனை முடித்து வருபவர்களுக்குச் சிறை வாசலிலிருந்தே துணை நின்றது. தனியார் முதலீட்டில் நடந்தது. மீள்குற்றம் குறைந்தால்தான் அவர்களுக்குப் பணம். தேசிய அளவில் அவர்களை ஒத்தவர்களோடு ஒப்பிட்டதில், மறுபடி தண்டனை பெறும் நிகழ்வுகள் 9 சதவீதம் குறைந்தன, இலக்கு 7.5. எனக்கு அதில் பிடித்த விஷயம் பண ஏற்பாடு இல்லை. ஆறு மாதம் போன பிறகு எது தேவைப்படுகிறது என்று பார்த்து, சேவைகளை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அந்த ஊழியர்களுக்கு இருந்தது.

படி 9: முடிவை யாரிடம் முதலில் சொல்வது?

தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்: எந்த முடிவு வந்தால் திட்டத்தை விரிப்போம், எது வந்தால் மாற்றுவோம், எது வந்தால் நிறுத்துவோம். முடிவு வந்த பிறகு யோசித்தால், எந்த எண்ணுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும்.

பலனில்லை என்று வந்தாலும் வெளியிடுங்கள். நிதி தருபவர் முகம் சுளிப்பார் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அடுத்த ஊரில் இன்னொருவர் அதே பணத்தை அதே பள்ளத்தில் கொட்டாமல் தடுப்பது அந்த ஒரு அறிக்கைதான். நிர்வாகத்துக்கு இரண்டு பக்கம், நிதி தருபவருக்கு ஐந்து பக்கம் போதும். அதற்கும் முன்னால், பேட்டி கொடுத்தவர்களையும் வகுப்பில் உட்கார்ந்தவர்களையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். 'இது தப்பு, நாங்கள் வகுப்பை விட்டது அதனால் இல்லை, சந்திப்பு நேரமும் வகுப்பு நேரமும் ஒன்றாகப் போட்டிருந்தீர்கள்' என்று யாராவது சொல்லுவார். அதை அறிக்கையில் சேர்த்துவிட்டு, அடுத்த சுற்றின் நேர அட்டவணையை மாற்றுங்கள்.